தீனி தின்றும் மெலியும் மாடு

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் நம் மொழியில் உண்டு. தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. பால்மரம் சீவிக் கிடைத்த கூலி வீட்டுச் செலவுக்கே போதாதிருந்த காலத்தில், லயத்தின் பின்புறம் கட்டியிருந்த இரண்டு கறவைகளின் பாலே பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஈடுகட்டிற்று என்று சொல்லும் குடும்பங்கள் பல. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வந்த காலத்தில் இந்திய இன மாடுகளும் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழிவந்தவற்றைக் கால்நடைத் துறையினர் உள்ளூர் இந்தியக் கறவை மாடுகள் எனப் பெயரிட்டு இன்றும் தனி இனமாகக் குறிக்கின்றனர். ரப்பர்த் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்ட பின்னரும் மாடு வளர்ப்பைக் கைவிடாதவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

மாட்டுக்கு வரும் நோய்களுள் காய்ச்சலோடு வந்து கண்ணுக்குத் தெரிபவை உண்டு, கோமாரி அத்தகையது. வாயில் நுரை தள்ளுவதையும் குளம்பு நொண்டுவதையும் குழந்தையும் கண்டு சொல்லிவிடும். ஓசையின்றி வந்து ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, இறுதியில் முதலையே அழித்துச் செல்லும் நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கே ஆராய்வோம். மாடு நன்றாகத் தின்னும்; அசைபோடும்; காய்ச்சல் இராது; கண்ணும் தெளிவாகவே இருக்கும். ஆயினும் சாணம் இளகி நீராய்க் கழியும். சில நாள் நின்று மீண்டும் தொடங்கும். விலா எலும்பு தெரியும், பால் வற்றும், இறுதி நாட்களில் தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்கும். பூச்சி மருந்து கொடுத்தும் பயனில்லை. நாட்டு மருந்து கொடுத்தும் பயனில்லை. தீனியை மட்டும் குறைவின்றித் தின்றுகொண்டே அது எலும்புக்கூடாகும். இதற்கு ஜோனீஸ் நோய் என்று பெயர்.

கழிகின்ற மாடெல்லாம் இந்நோய் கொண்டதாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் குடற்புழுக்களும் கெட்டுப்போன தீவனமும் வேறு பல கிருமிகளும் மாட்டுக்குக் கழிச்சலை உண்டாக்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. எனவே, மாடு கழிகிறது என்றவுடன் அஞ்சி அதனைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவது அறிவுடைமையன்று. எந்த மருந்துக்கும் அடங்காமல் வாரக்கணக்கில் தொடரும் கழிச்சலே ஐயத்திற்குரியது.

கிருமியைக் கண்ட வரலாறு

ஜெர்மனி நாட்டில் பண்ணைக்காரர் ஒருவரின் பசு எவ்வளவு தின்றும் உடல் தேறாமலும் பால் தராமலும் இருந்தது. காசநோயாக இருக்கலாம் என்று ஐயுற்றுச் சோதித்தனர். காசநோய்ச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பசு இறைச்சிக்கு வெட்டப்பட்டபின், அதன் குடல் டிரெஸ்டன் நகரிலிருந்த கால்நடை மருத்துவ ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு ஹைன்ரிஹ் ஆல்பெர்ட் ஜோனே என்னும் பேராசிரியரும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த லாங்டன் ஃபிராதிங்ஹம் என்பவரும் 1895ஆம் ஆண்டில் அக்குடலை ஆராய்ந்தனர். குடற்சுவர் தடித்து மடிப்பு மடிப்பாய்க் கிடந்தது. காசநோய்க் கிருமியைக் காட்டும் அதே சிவப்புச் சாயம் இதிலிருந்த கிருமிகளையும் சிவப்பாக்கிக் காட்டியது. பறவைகளைப் பற்றும் காசநோயின் ஒரு வகையோ என்று அவர்கள் கருதினர். டென்மார்க் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்டு பாங் 1906இல் இது காசநோயின் வேறானதொரு நோய் என்று தெளிவுபடுத்தினார். முதலில் கண்டவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

இக்கிருமி காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் உறவினம். அவ்விரண்டைப் போலவே இதன் மேலும் மெழுகு போன்ற தடித்த உறை ஒன்று உண்டு. அவ்விரண்டைப் போலவே இதற்கும் அவசரம் என்பதே கிடையாது. சாதாரணக் குடற்கிருமி ஒன்று தகுந்த சூழலில் 20 நிமிடங்களில் இரண்டாகப் பெருகிவிடும். இதற்கோ 20 மணி நேரத்திற்கும் மேல் ஆகும். சோதனைக்கூடத்தில் சாணத்திலிருந்து இதனை வளர்த்துக் கண்ணால் காண இரண்டு மூன்று மாதங்களும் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கும். அது மட்டுமன்று, தனக்கு வேண்டிய இரும்புச் சத்தைச் சேகரிக்க உதவும் பொருள் ஒன்றை இக்கிருமியால் சோதனைக்கூடத்தில் தானே போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. இங்கிலாந்து அறிஞர் டுவார்ட் என்பவர், இதன் உறவினக் கிருமிகளின் சாற்றைக் கலந்து கொடுத்த பின்னரே, 1910ஆம் ஆண்டையொட்டி இது முதன்முதலாகச் சோதனைக்கூடத்தில் வளர்ந்தது. இத்துணைச் சோம்பலான, இத்துணைப் பிறர் உதவி நாடும் ஓர் உயிர், மாடு போன்ற பெரிய விலங்கை எவ்வாறு வீழ்த்துகிறது? இதற்கு விடை, கிருமியின் வலிமையில் இருப்பதைவிட மாட்டின் தற்காப்பு முறையிலேயே மிகுதியாக இருக்கிறது.

கன்றின் குடலில் திறந்திருக்கும் வாயில்

மனிதக் குழந்தை பிறக்கும்போது தாயின் நோய்த் தடுப்பு ஆற்றலில் ஒரு பகுதியை இரத்தத்திலேயே பெற்று வருகிறது. கன்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பசுவின் கருப்பையில் தாயின் இரத்தத்திற்கும் கன்றின் இரத்தத்திற்கும் இடையே உள்ள திரைகள் தடித்தவை. நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அவற்றைக் கடந்து வருவதில்லை. ஆகவே கன்று வெறுங்கையுடன் பிறக்கிறது. அதற்குரிய பாதுகாப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் நாளில் கன்றின் குடல், சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருள்களை அப்படியே உள்வாங்கி இரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். மணி நேரம் செல்லச் செல்ல அவ்வாற்றல் குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறக்குறைய நின்றுவிடும். சீம்பாலைக் காலந்தாழ்த்தாமல் கொடுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

சிறுகுடலின் கடைப்பகுதியில் வேறொரு வாயிலும் உண்டு. அங்கே குடற்சுவரில் நீண்ட திட்டுகளாக வெள்ளணுக்கள் திரண்டிருக்கும். இவற்றைக் காவற்சாவடிகள் எனலாம். குடலில் என்னென்ன வந்து போகின்றன என்று அறிவதற்காக, இச்சாவடிகளின் மேற்புறத்திலுள்ள தனிவகை உயிரணுக்கள், குடலில் வருவனவற்றுள் சிலவற்றைப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே நிற்கும் வெள்ளணுக்கள் அவற்றைச் சோதித்து, பகைவன் எவன் என்று கற்றுக்கொள்ளும். இளங்கன்றில் இச்சாவடி மிக நீளமாக அமைந்திருக்கிறது. வளர வளரச் சுருங்கிவிடுகிறது. ஜோனீஸ் கிருமி உள்ளே நுழைவதற்கு இந்த வாயிலையே பயன்படுத்திக்கொள்கிறது. அது கதவை உடைப்பதில்லை; காவலரே அதனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கின்றனர்.

இளங்கன்றே இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது என்பதற்கு இஃது ஒரு முக்கிய காரணம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். பிறந்து முதல் ஆறு மாதத்திற்குள், அதிலும் முதல் சில வாரங்களில், சிறிதளவு கிருமி சென்றாலும் நோய் பற்றிவிடக்கூடும். வளர்ந்த மாட்டுக்கு நோய் பற்ற மிகுதியான கிருமி தேவை. பிறந்த கன்று எழுந்து நின்று மடியைத் தேடும்போது, தாயின் தொடையிலும் காம்பிலும் ஒட்டிய சாணத்தையும் சேர்த்தே நக்குகிறது. நோய் முற்றிய பசுவின் ஒரு கிராம் சாணத்தில் பல இலட்சக்கணக்கான கிருமிகள் இருக்கக்கூடும். பாலிலும் சீம்பாலிலும் கிருமி வெளிவருவதுண்டு. நோய் முற்றிய பசுவின் வயிற்றிலிருக்கும்போதே சில கன்றுகள் நோயைப் பெற்றுவிடுகின்றன.

விழுங்கியவனுக்குள் குடியேறுதல்

உள்ளே சென்ற கிருமியை எதிர்கொள்பவை விழுங்கணுக்கள் எனப்படும் பெரிய வெள்ளணுக்கள். அயலானைக் கண்டால் விழுங்குவதே இவற்றின் தொழில். விழுங்கப்பட்ட கிருமி ஒரு சிறு பைக்குள் அடைபடும். அடுத்து, செரிக்கும் நீர் நிறைந்த மற்றொரு பை வந்து அதனோடு இணையும். இரண்டும் ஒன்றானவுடன் கிருமி கரைந்து அழியும். பெரும்பாலான கிருமிகளின் கதை இவ்வாறு முடிந்துவிடுகிறது.

ஜோனீஸ் கிருமியோ அவ்விரு பைகளும் ஒன்று சேராதபடி தடுத்துவிடுகிறது. அதன் மெழுகு உறையிலுள்ள பொருள்களும் அது வெளியிடும் பொருள்களும் இத்தடையைச் செய்கின்றன. தன்னைக் கொல்ல வந்த உயிரணுவையே வீடாக்கிக்கொண்டு, மெல்ல மெல்லப் பெருகத் தொடங்குகிறது. திருடனைப் பிடித்துக் காவல் நிலையத்தில் அடைத்த பின், அவன் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டு குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும்!

ஆயினும் மாட்டின் உடல் கைகட்டி நிற்பதில்லை. டி வெள்ளணுக்கள் என்னும் வேறொரு படை திரண்டு வருகிறது. இவை கிருமியை நேரே விழுங்குவதில்லை. விழுங்கணுக்களுக்கு ஊக்கமளிப்பதே இவற்றின் முதற்பணி. இன்டர்ஃபெரோன் காமா என்னும் பொருளை இவை சுரக்கின்றன. அப்பொருள் பட்டவுடன் சோர்ந்து கிடந்த விழுங்கணு விழித்துக்கொள்கிறது. தடைபட்ட பைகள் இணைகின்றன. உள்ளிருக்கும் கிருமிகளில் ஒரு பகுதி அழிகிறது. அழியாதவற்றைச் சுற்றி வெள்ளணுக்கள் அரண் போலக் குவிந்து சிறு கட்டிகளாக நின்று அடைத்துவைக்கின்றன. மாட்டினத்திற்கே உரிய சிறப்பு ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். காமா டெல்டா எனப்படும் ஒருவகை டி வெள்ளணு மனித இரத்தத்தில் மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. இளங்கன்றின் இரத்தத்திலோ மிகுதியாக ஓடுகிறது. நோய் தொற்றிய இடத்திற்கு முதலில் ஓடிச் சென்று அரண் கட்டுவதில் இதற்கும் பங்குண்டு எனக் கருதப்படுகிறது.

இந்த முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரையிலும், சில மாடுகளில் அதற்கு மேலும், வெளியே ஒன்றும் தெரியாது. கன்று கிடேரியாகும், சினைப்படும், ஈனும், பால் கறக்கும். பல மாடுகள் தம் ஆயுள் முழுதும் கிருமியை அடைத்துவைத்தே வாழ்ந்து முடிகின்றன.

ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தோர் இதனைத் தம் தொழிலிலேயே கண்டிருப்பர். வெள்ளை வேர் நோய் மண்ணுக்கடியில் வேரோடு வேராகப் பரவுகிறது. இலை பச்சையாகவே இருக்கும். பாலும் மங்கில் வழக்கம்போல் விழும். இலை மஞ்சளாகும் நாளில் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகிப் போயிருக்கும். பக்கத்து மரத்தின் வேரிலும் வெண்ணிறப் பூசண நூல்கள் ஏறியிருக்கும். மஞ்சளான மரத்தை மட்டும் வெட்டினால் நோய் தீராது என்பதை அனுபவமுள்ள தொழிலாளர் அறிவர். ஜோனீஸ் நோயிலும் கழிச்சல் கண்ட மாடு அந்த மஞ்சள் இலையே. பெரிய பண்ணைகளை ஆராய்ந்தோர், நோய்க்குறி தெரியும் மாடு ஒன்று இருந்தால், நோயை உள்ளே சுமந்துகொண்டு வெளியே தெரியாமலிருப்பவை 15 முதல் 25 வரை இருக்கக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். நான்கைந்து மாடுகள் வைத்திருப்போருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாதெனினும், ஒன்றோடு நின்றிராது என்பதை மறத்தலாகாது.

போர் திசை மாறும்போது

எல்லா முற்றுகையும் வெற்றி பெறுவதில்லை. ஈன்ற பின் வரும் மாதங்கள், பால் மிகுந்து சுரக்கும் காலம், தீனிப் பற்றாக்குறை, நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லுதல் ஆகியவற்றால் மாட்டின் உடல் தளரும் நேரத்தில் அரண் சரியத் தொடங்குவதாகப் பலரும் கண்டுள்ளனர். முதற்கன்றோ இரண்டாம் கன்றோ ஈன்ற சில வாரங்களில் கழிச்சல் தொடங்குவது அடிக்கடி நிகழ்வதாகும். டி வெள்ளணுக்கள் நெடுங்காலப் போரில் களைத்துப்போகின்றன. இன்டர்ஃபெரோன் காமா குறைகிறது. போரை அடக்கி அமைதிப்படுத்தும் வேறு பொருள்கள் மிகுதியாகச் சுரக்கின்றன.

இந்நிலையில் மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. எதிர்ப்பொருள் பெருகுவது நல்லதல்லவா என்று கேட்கத் தோன்றும். பல நோய்களில் அஃது உண்மையே. ஆனால் எதிர்ப்பொருள் என்பது இரத்தத்திலும் பிற உடல்நீர்களிலும் மிதந்து செல்லும் ஆயுதம். வெளியில் திரியும் பகைவனைத் தாக்கவல்லது. வீட்டிற்குள் கதவடைத்துக்கொண்டிருப்பவனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஜோனீஸ் கிருமி விழுங்கணுவுக்குள் இருப்பதால் எதிர்ப்பொருள் அதனைத் தொடுவதில்லை. படை பெருகியும் பயனில்லாத நிலை இது.

தொழுநோயிலும் இத்தகைய இரு நிலைகளை மருத்துவர்கள் கண்டுள்ளனர். சுங்கை பூலோவில் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பைப் பற்றி நம்மவர் பலர் கேள்விப்பட்டிருப்பர். உயிரணுப்படை வலுவாயிருக்கும் நோயாளியின் உடலில் கிருமி அரிதாகவே காணப்படும். அப்படை வலுவிழந்தவரிடம் கிருமியும் மிகும், எதிர்ப்பொருளும் மிகும். மாட்டின் குடலில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும் தராசு என்றே நெடுநாள் இதனை விளக்கி வந்தனர். அண்மைக்கால ஆய்வுகள், சில மாடுகளில் இரண்டும் சேர்ந்தே உயர்வதையும், வேறு சிலவற்றில் முறை மாறி வருவதையும் காட்டியுள்ளன. ஆகவே தராசு உவமையை நாம் அளவோடு கொள்வதே முறையாகும்.

இனி, மாடு மெலிவது எதனால்? கிருமி குடலைக் கடித்துத் தின்றுவிடுவதாலன்று. அதனை அடக்குவதற்கென்று வந்து குவிந்த வெள்ளணுக்களே குடற்சுவரில் இடம் கொள்ளாமல் நெருங்கி நிற்கின்றன. வழுவழுப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் இயல்பைவிடப் பன்மடங்கு தடித்துச் சுருக்கம் விழுகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல்போன்ற தசைகள் அமுங்கிப் போகின்றன. தின்ற தீனி சத்து இறங்காமலே வெளியேறுகிறது. அத்துடன் இரத்தத்திலுள்ள புரதமும் குடல் வழியே கசிந்து போகிறது. புரதம் குறைந்த இரத்தத்தில் நீர் நிற்காமல் தசைகளில் இறங்குவதால்தான் தாடையின் கீழ் வீங்கித் தொங்குகிறது. வீட்டைக் காக்க வந்தவர்கள் கூடத்திலும் சமையலறையிலும் நெருக்கியடித்து நின்றால் அங்கே உலை வைப்பது எவ்வாறு? தவிடும் புண்ணாக்கும் கூட்டிக் கொடுத்தாலும் மாடு தேறாததன் இரகசியம் இதுவேயாகும்.

சோதனைகள் சில வேளைகளில் பொய்ப்பதேன்

மாட்டின் தற்காப்பு இவ்வாறு நிலைக்கு நிலை மாறுவதால், ஒரே சோதனை எல்லா நிலைக்கும் பொருந்துவதில்லை. இரத்தத்திலோ பாலிலோ எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை, நோய் முற்றிய மாட்டை எளிதில் காட்டும். தொடக்க நிலையிலுள்ள மாட்டில் எதிர்ப்பொருளே இராது, எனவே அதனைத் தவறவிடும். நோய் இல்லை என்று ஒருமுறை வந்த முடிவு, அன்றைக்கு எதிர்ப்பொருள் தென்படவில்லை என்பதையே சொல்கிறது. மாடு தூயது என்பதற்கு அது சான்றாகாது.

தொடக்க நிலையைக் காண வேறு வழி உண்டு. மாட்டின் இரத்தத்தை எடுத்து, கிருமியின் சாற்றோடு கலந்து ஓர் இரவு வைத்திருப்பர். அம்மாட்டின் டி வெள்ளணுக்கள் அக்கிருமியை முன்பே சந்தித்திருந்தால், உடனே அடையாளம் கண்டு இன்டர்ஃபெரோன் காமாவைச் சுரக்கும். அதனை அளந்து முடிவு செய்வர். மாட்டுக் காசநோயைக் கண்டறிவதற்காக ஆஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்ட முறை இது. இன்று மனிதர்க்குக் காசநோய்த் தொற்று உண்டா என்று அறியவும் இதே முறை பயன்படுகிறது. மாட்டுக்கென்று பிறந்த ஒரு சோதனை மனிதர்க்கு உதவுவது வியப்புக்குரியதே! சாணத்திலுள்ள கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை சில நாட்களில் முடிவு தரும். ஆனால் கிருமி சாணத்தில் விட்டுவிட்டு வருவதால், ஒருமுறைக்கு மேல் சோதிக்க நேரலாம்.

தடுப்பூசி இல்லையா என்று பலரும் கேட்பர். உண்டு. பிரான்சு நாட்டில் 1926இலேயே ஒரு தடுப்பூசி சோதித்துப் பார்க்கப்பட்டது. பிற்காலத்தில் வேறு சிலவும் வந்தன. இவை நோய் முற்றுவதையும் சாணத்தில் கிருமி வெளிவருவதையும் பெரிதும் குறைக்கின்றனவேயன்றி, கிருமி உள்ளே புகுவதை முற்றிலும் தடுப்பதில்லை. மேலும் ஜோனீஸ் கிருமியும் காசநோய்க் கிருமியும் உறவினங்களாதலால், தடுப்பூசி போட்ட மாடு காசநோய்ச் சோதனையிலும் நோயுள்ளது போலக் காட்டிவிடக்கூடும். அதனால் பல நாடுகள் மாடுகளுக்கு இதனைப் பரவலாகப் போடுவதில்லை. நோயைத் தீர்க்கும் மருந்தைப் பொறுத்தவரை, காசநோய்க்கும் தொழுநோய்க்கும் கொடுக்கும் மருந்துகளையே கொடுத்துப் பார்த்துள்ளனர். கொடுக்கும் வரை கழிச்சல் தணிவதுண்டு, கிருமி ஒழிவதில்லை. செலவோ மாட்டின் விலையை மிஞ்சும்.

வாங்கும்போதும் ஈனும்போதும்

ஐஸ்லாந்து என்னும் தீவு நாட்டில் 1933ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து 20 காரக்குல் இனச் செம்மறியாடுகளை வாங்கி வந்தனர். நோய் உண்டா என்று அறிய அவற்றைத் தனியே வைத்துப் பார்த்தனர். எல்லாம் நலமாகவே தோன்றின. நாட்டின் பல பகுதிகளுக்கும் பகிர்ந்தளித்தனர். சில ஆண்டுகள் சென்றபின் உள்ளூர் ஆடுகள் மெலிந்து மடியத் தொடங்கின. அந்த 20 ஆடுகளோடு வந்த நோய்கள் பல; அவற்றுள் ஒன்று ஜோனீஸ் நோய். ஆயிரக்கணக்கான ஆடுகள் மாண்டன. பின்னர் மாடுகளுக்கும் அது பரவிற்று. கண்ணுக்கு நலமாகத் தோன்றும் விலங்கு இந்நோயை எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே மாடு வாங்குவோர், அம்மாட்டை மட்டும் பார்க்காமல் அது நின்ற கொட்டகையையும் பார்க்க வேண்டும். அங்கே மெலிந்து கழியும் மாடு வேறு உண்டா, அண்மையில் ஏதேனும் அவ்வாறு விற்கப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும். விலை மலிவு என்பதற்காக மெலிந்த சினைமாட்டை வாங்கித் தேற்றிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. அதன் கன்றுக்கும் சேர்த்தே நோயை வாங்கியவராகக்கூடும். நோய் கண்ட மாட்டை ஒன்றும் சொல்லாமல் அடுத்த லயத்தாருக்கு விற்போரைப் பற்றி என்ன சொல்வது? சில நூறு வெள்ளிக்காக மற்றொரு குடும்பத்தின் பிழைப்பையே கெடுக்கும் செயல் அது.

தடுக்கும் வழிகளுள் முதன்மையானது, கன்றின் வாய்க்கும் வளர்ந்த மாட்டின் சாணத்திற்கும் இடையே தொடர்பில்லாமற் செய்வதே. பெரிய பால் பண்ணைகளில் கன்று பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கொட்டிலில் வளர்க்கின்றனர். நம்மவர் வளர்க்கும் இந்திய இனப் பசுக்களில் பல, கன்று ஊட்டாமல் பால் விடுவதில்லை. அங்கே முழுப் பிரிவினை இயலாது. ஆயினும் ஈனுவதற்குச் சாணமில்லாத, வைக்கோலோ உலர்ந்த புல்லோ பரப்பிய தனியிடம் ஒதுக்க இயலும். ஊட்டவிடுமுன் மடியையும் காம்பையும் தொடையையும் கழுவித் துடைக்க இயலும். ஊட்டிய பின் கன்றைத் தூய்மையான வேறிடத்தில் கட்ட இயலும். ஐயத்திற்குரிய பசுவின் சீம்பாலைத் தவிர்த்து, நலமான பசுவின் சீம்பாலை முதல் சில மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். ஆனால் பல பசுக்களின் சீம்பாலைக் கலந்து கொடுப்பது கூடாது. ஒன்றின் நோய் பல கன்றுகளுக்குச் செல்லும்.

சாணத்தைக் குறித்தும் ஒரு சொல். இக்கிருமி மாட்டின் உடலுக்கு வெளியே பெருகுவதில்லை. ஆனால் நெடுநாள் உயிரோடிருக்கும். நிழலான மண்ணில் ஓராண்டுக்கும் மேலாக உயிரோடிருந்ததை ஆஸ்திரேலியாவில் கண்டுள்ளனர். வெயில் படும் வெட்டவெளியில் அதன் காலம் குறைவு. ரப்பர் மர நிழலில் மேய்ந்த மாடுகளின் சாணம் விழுந்த இடத்தில் இளங்கன்றை மேயவிடலாகாது என்பது இதனால் விளங்கும். அறுத்துப் போடும் புல்லுக்குப் பச்சைச் சாணத்தை உரமாக இட்டு, அப்புல்லையே கன்றுக்குப் போடுவதும் தகாது. வெள்ளாடும் செம்மறியும் இந்நோய்க்கு உட்பட்டவையாதலால், ஒரே கொட்டகையில் அவற்றைக் கன்றுகளோடு அடைப்பதும் நன்றன்று.

மனிதர்க்கு இதனால் தீங்குண்டா என்ற கேள்வி எழும். ஸ்காட்லாந்து மருத்துவர் டால்ஸியல் என்பார் 1913இல், மனிதர் சிலருக்கு வரும் நாட்பட்ட குடல் வீக்கம் மாட்டின் ஜோனீஸ் நோயை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார். குரோன்ஸ் நோய் என்று இன்று அழைக்கப்படும் அதற்கும் இக்கிருமிக்கும் தொடர்புண்டா என்னும் ஆராய்ச்சி நூறாண்டு கடந்தும் முடிவுறவில்லை. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கத்தை விடாமலிருந்தால் போதும்.

ஐயமுள்ள மாட்டைக் கண்டால் மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவைத் துறை அலுவலகத்திற்குத் தெரிவிக்கலாம். அலுவலர் வரும்போது மாடு எங்கே, எப்பொழுது வாங்கப்பட்டது, எத்தனை ஈற்று ஈன்றது, கடைசியாக ஈன்ற நாள், கழிச்சல் தொடங்கிய நாள், கொடுத்த பூச்சி மருந்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைத்துச் சொல்வது நல்லது. அம்மாடு ஈன்ற கிடேரிகள் எவை, அவை இப்போது யாரிடம் இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். சாணத்தைத் தரையிலிருந்து அள்ளிக் கொடுப்பதைவிட, அலுவலரே மாட்டிடமிருந்து நேரே எடுத்துக்கொள்ள விட வேண்டும். முடிவு வரும்வரை மாட்டைத் தனியே கட்டி, அதற்கென்று தனித் தண்ணீர்த் தொட்டியும் தனி வாளியும் வைத்து, கன்றுகளுக்குத் தீனி போட்டு முடித்த பின்னரே அதன் பக்கம் செல்ல வேண்டும்.